பிரேக்கில் ஒரு கர்ர்ர்

"கர்ர்ர்ர்ர்..."

வண்டி இன்னும் கேட்டைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள் சத்தம் வந்துவிட்டது.

ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்த மனைவி, பக்கத்து சீட்டில் இருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கணவர் வேறு யாரோ சத்தம் போட்ட மாதிரி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"என்னங்க அது?"

"எது?"

"காது கேக்குதுல்ல உங்களுக்கு? பிரேக்கை மிதிச்சா அரைக்குதே!"

"இன்னொரு தடவை மிதி, பாப்போம்."

மிதித்தாள். "கர்ர்ர்ர்ர்!" இந்த முறை சத்தம் கூடவே ஒரு நடுக்கத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது.

கணவர் குனிந்து அவள் காலடியைப் பார்த்தார். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் சோதனை போட்டு, 'இது நிற்கும், இதில் ஏறலாம்' என்று சான்றிதழ் தருவதுதான் அவர் உத்தியோகம். அதனாலேயே குடியிருப்பில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும், கதவுக்கு வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டே, "மேல பிரேக் தேஞ்சிருக்கு" என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதரின் சொந்த வண்டி, மனைவியின் காலடியில் மாவு மில் மாதிரி அரைக்கிறது!

அதுவும் எப்போது? வெள்ளிக்கிழமை சாயங்காலம். திங்கட்கிழமை காலையில் மனைவிக்கு டிரைவிங் டெஸ்ட்.

மூன்றாவது டெஸ்ட் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டிலும் அவள் தோற்றதற்குக் காரணம் அவள் இல்லை, அவளுக்குக் கற்றுக்கொடுத்த வாத்தியார். வாத்தியார் யார்? வேறு யார், இவரேதான்.

"பிரேக்கா? அதெல்லாம் பெட்ரோல் வண்டிக்காரங்க வேலை. இது எலக்ட்ரிக். ஆக்ஸிலரேட்டர்லேருந்து காலை எடு, மோட்டாரே வண்டியைப் பிடிச்சு நிறுத்திடும்" என்று வாங்கிய நாளிலிருந்து மார்தட்டிக்கொண்டிருந்தார். அவளும் நம்பினாள். டெஸ்ட் எடுக்கும் ஆய்வாளர் திடீரென்று "ஸ்டாப்!" என்று கத்தியபோது, நிதானமாகக் காலை எடுத்தாள். வண்டியும் மரியாதையாக, மெதுவாக, கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

"நான் சொன்னது ஸ்டாப்மா. நீங்க செஞ்சது யோசனை" என்றார் ஆய்வாளர். இரண்டாவது முறையும் அதே கதை.

அவள் நர்ஸ். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ராத்திரி டூட்டி. இப்போது ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு வேலை வந்திருந்தது. நோயாளிகளின் வீட்டுக்கே போய்க் கட்டுப் போட்டு, ஊசி போட்டுவிட்டு வருகிற வேலை. முழுக்கப் பகல் டூட்டி. ஒரே ஒரு நிபந்தனை, கார் லைசென்ஸ் வேண்டும். செவ்வாய்க்கிழமைக்குள் காட்டாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"இந்த வேலை மட்டும் கிடைச்சா நானும் மனுஷி மாதிரி ராத்திரியில தூங்குவேங்க" என்று அவள் சொன்னது அவர் மனசில் முள்ளாகத் தைத்திருந்தது.

இத்தனைக்கும் வண்டி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கம்பெனிக்காரனிடம் மல்லுக்கட்டி, ஐந்து வண்டி சேர்த்து எடுத்தால் விலை குறையும் என்று பேசி முடித்திருந்தார். செயலாளர், லிஃப்ட்காரர், இன்னும் மூன்று பேர். ஐந்தும் ஒரே மாடல், ஐந்தும் வெள்ளை. விலையைக் குறைத்தவன் நிறத்தைத் தேர்ந்தெடுக்க விடவில்லை.

ஐந்து வண்டி இருந்தாலும் அடித்தளத்தில் சார்ஜ் போடும் இடம் ஒன்றுதான். அதனால் எல்லோரும் சாவியை வாட்ச்மேனின் அறையில் ஆணியில் மாட்டிவிடுவார்கள். ஒரு வண்டிக்குச் சார்ஜ் ஏறியதும் வாட்ச்மேன் அதை எடுத்து எங்காவது ஒரு சந்தில் சொருகிவிட்டு அடுத்ததைப் போடுவார். நம் வண்டி எங்கே நிற்கிறது என்பது நமக்குத் தெரியாது. சாவியை அமுக்க வேண்டும், எது கண்ணடிக்கிறதோ அது நம்முடையது. அன்றைக்கு வாட்ச்மேன் விடுப்பில் கிளம்பியிருந்தார், மாற்று ஆள் இன்னும் வந்து சேரவில்லை. லிஃப்ட்காரர் தாமே ஆணியிலிருந்து சாவியை எடுத்து, அமுக்கி, கண்ணடித்த வண்டியை வெளியே கொண்டுவந்திருந்தார்.

வந்ததிலிருந்தே ஒன்றும் சரியில்லை. வண்டி மேல் விரலால் பெயர் எழுதலாம் போல் தூசி. டேஷ்போர்டில் வைத்த கறுப்புக் கண்ணாடியைக் காணோம்.

"உன் தம்பிதான் எடுத்திருப்பான்" என்றார்.

"ஆமா, எது காணாம போனாலும் என் தம்பிதான்."

அவர் உடனே கம்பெனிக்கு போன் போட்டுப் பேசினார். "சர்வீஸுக்கு அடுத்த வாரம்தான் இடம் இருக்காம்."

"அடுத்த வாரம் எனக்கு எதுக்கு? நான் திங்கக்கிழமை போய் நிக்கணுமே! இந்தச் சத்தத்தோட போனா அந்த ஆளு வண்டியிலேயே ஏறமாட்டாரு!" அவள் குரல் உடைந்தது.

"நான் இருக்கேன்ல? சரி பண்ணிடறேன்" என்றார் லிஃப்ட்காரர். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனிமேல் திங்கட்கிழமை வரை இந்த வண்டியை வேறு ஒரு பயல் தொடக்கூடாது என்பது அவர் தீர்மானம்.

மறுநாள் காலையில் மச்சினன் வந்து சேர்ந்தான். அவனுக்கு உறவுக்காரர்கள் வைத்த பெயர் சர்வம். சர்வமும் தெரியும் என்று அவன் சொல்லிக்கொள்வதால்.

"டேய், என் கண்ணாடி எங்கடா?"

சர்வம் ஒரு கணம் யோசித்தான். எதை எப்போது எடுத்துப் போனோம் என்று அவனுக்கே நினைவு இருப்பதில்லை.

"எடுத்திருந்தா கண்டிப்பா குடுத்துடறேன் மாமா. அதை விடுங்க, அக்கா போன்ல அழுதுச்சு. சத்தம் எந்தச் சக்கரத்துல?"

"முன் சக்கரம் ரெண்டுலயும்."

"அவ்வளவுதானே! கதவு கிறீச்சிட்டா என்ன பண்ணுவோம்?"

"எண்ணெய் விடுவோம்."

"இதுவும் அதேதான் மாமா!" என்று பையிலிருந்து ஒரு ஸ்பிரே டப்பாவை எடுத்தான்.

எந்த லிஃப்டிலாவது எவனாவது பிரேக்கில் எண்ணெய் விட்டிருந்தால், அந்தக் கட்டடத்தையே இழுத்துப் பூட்டியிருப்பார் அவர். ஆனால் மனைவி பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரம் என்று வந்துவிட்டால் படிப்பெல்லாம் லீவு போட்டுவிடுகிறது, என்ன செய்ய!

புஸ்ஸ்ஸ் என்று அடித்தான் சர்வம். இந்தச் சக்கரத்துக்கு ஒரு புஸ், அந்தச் சக்கரத்துக்கு ஒரு புஸ், சந்தேகத்துக்கு மேலும் ஒரு புஸ்.

லிஃப்ட்காரர் ஏறி உட்கார்ந்து வண்டியை நகர்த்தினார். பிரேக்கைத் தொட்டார். சத்தமே இல்லை!

"போயிடுச்சு! போயே போச்சு!" என்று சர்வம் குதித்தான். பால்கனியில் மனைவி கை தட்டினாள். லிஃப்ட்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே ஜோரில் அடித்தளத்துக்கு இறங்குகிற சரிவில் வண்டியைத் திருப்பினார்.

சரிவில் பிரேக்கை மிதித்தார். சத்தம் இல்லை. பிரேக்கும் இல்லை.

"மாமா, நிறுத்துங்க!"

"நிக்கலையேடா!"

"காலை எடுங்க, மோட்டார் நிறுத்தும்!"

"எடுத்துட்டேன்டா, அதுவும் யோசிக்குது!"

வண்டி வழுக்கிக்கொண்டே போய்க் குடியிருப்பின் பெரிய குப்பைத்தொட்டியில் டமார் என்று முட்டியது. தொட்டி குப்புற விழுந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பூனை ஒன்று சர்வத்தின் தோள் வழியாகத் தப்பித்தது. வண்டியின் மூக்கில் கையகலத்துக்கு ஒரு சொட்டை.

கால் மணி நேரத்தில் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் செயலாளரின் செய்தி வந்துவிட்டது. சில மாதமாக மகள் வீட்டில், வெளிநாட்டில் இருந்தாலும் கேமரா வழியாக அவர் கண் இங்கேதான். 'குப்பைத்தொட்டியைச் சேதப்படுத்தியது யார்? திங்கட்கிழமை சாயங்காலம் நேரில் வந்து விசாரிப்பேன்.'

லிஃப்ட்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளைடா, தொட்டியோட போச்சு. அந்த மனுஷன் வண்டியில ஒரு கீறல் விழுந்திருந்தாலும் நம்மளைக் குடும்பத்தோட காலி பண்ண வச்சிருப்பாரு."

"ஆமா மாமா, தலை தப்பிச்சுது!"

மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். சொட்டையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"போய் ஒரு நிஜமான மெக்கானிக்கைக் கூட்டிட்டு வாங்க" என்றாள் கடைசியில்.

பின் தெருவில் ஸ்பேனர் என்று ஒருவன் கடை வைத்திருந்தான். வாயில் ஒரு ஸ்பேனரைக் கவ்விக்கொண்டே பேசுகிறவன். வந்ததும் பானெட்டைத் திறந்தான். உள்ளே பார்த்தவன் வாயிலிருந்து ஸ்பேனர் விழுந்தது.

"சார், உங்க எஞ்சினை யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க!"

"இது எலக்ட்ரிக் வண்டிப்பா. எஞ்சினே கிடையாது."

"அப்படியா? சரி, சக்கரம் இருக்குதுல்ல, அது போதும்." ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் தட்டு முழுக்கச் செக்கச்செவேலென்று துரு. அதன் மேல் சர்வத்தின் எண்ணெய் பளபளத்தது.

ஸ்பேனர் 'த்சொ த்சொ' என்றான். "என்ன சார் இப்படி பண்ணிட்டீங்க? வண்டியை மாசக்கணக்கா ஒரே இடத்துல போட்டு வச்சிருக்கீங்களே!"

"யாரு? நானா?" லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. "தினமும் ஆபீஸுக்கு இதுலதான்யா போறேன்!"

"இல்ல சார், இது ஓடாத வண்டி சார்."

"அப்ப நான் தினமும் தவழ்ந்தா போறேன்? நேத்து காலையில கூட ஓட்டினேன்யா!"

"தட்டைப் பாருங்க, சொல்லுதே!"

"என் வண்டி ஓடுச்சா ஓடலையான்னு எனக்குத் தெரியாதா? இல்ல, தட்டுக்குத் தெரியுமா?"

காசு தரப்போகிறவரிடம் எவ்வளவு நேரம் மல்லுக்கு நிற்பது? ஸ்பேனர் உடனே கட்சி மாறினான். "சரி சார், ஓடியிருக்கு. தூங்கிக்கிட்டே ஓடியிருக்கு. நீங்க பிரேக்கே போடுறதில்லையோ?"

"எலக்ட்ரிக் வண்டிக்குத் தேவையே இல்லையே. காலை எடுத்தா மோட்டாரே நிறுத்திடும்."

"அப்ப அதான் சார்! பிரேக்குக்கு வேலையே குடுக்கலைன்னா அது துருப்பிடிச்சுத்தானே போகும்?"

மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கணவரை ஒரு பார்வை பார்த்தாள். "பிரேக்கே போடாதேன்னு சொல்லிக்கொடுத்த வாத்தியார் யாருங்க?"

வாத்தியார் ஜாக்கியை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஆனால் உள்ளே ஏதோ உடைந்தது. அவள் இரண்டு தடவை தோற்றதும் என்னால், இந்தத் துருவும் என்னால். இந்த வேலையும் போனால் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நினைத்தபோது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

எண்ணெய் ஊறிய, தட்டைக் கவ்விப் பிடிக்கிற பழைய பிரேக் பேடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஸ்பேனர் கடை கடையாக அலைந்து புதுசு வாங்கி வந்தான். உப்புத்தாளை வைத்துத் துருவைத் தேய்த்தார்கள். லிஃப்ட்காரர் ஒரு சக்கரம், சர்வம் ஒரு சக்கரம். தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை கழன்றது. எல்லாம் மாட்டி முடித்து வண்டியை உருட்டினால்:

"கீச்ச்ச்ச்ச்!"

"இது புதுச் சத்தமா இருக்கே?" என்றாள் மனைவி.

"பழைய சத்தம் போயிடுச்சுல்ல?" என்றான் ஸ்பேனர் பெருமையாக.

தேய்க்கிறபோது தட்டுக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய தகட்டைச் சர்வம் முழங்கையால் வளைத்திருந்தான். அதை ஸ்பேனர் அந்தப் பக்கம் நெளித்தான். இப்போது "கீச்" போய் "டிங் டிங்" வந்தது. இந்தப் பக்கம் நெளித்தான். "கீச்"சும் "டிங்"கும் சேர்ந்து வந்தன. தெரு நாய்கள் எல்லாம் கேட்டுக்கு வெளியே கூடி, தங்களில் யாருக்கோ ஆபத்து என்று குரைத்தன.

"நகருங்க!" லிஃப்ட்காரர் குனிந்தார். லிஃப்ட் கதவுகளில் பழகிய கை. விரலை உள்ளே விட்டுத் தடவி, தகட்டை மெல்ல, நூல் பிடித்த மாதிரி நிமிர்த்தினார். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது.

"மாமா, அசத்திட்டீங்க!"

"இன்னும் முடியல" என்றான் ஸ்பேனர். "புதுப் பேடும் தட்டும் இன்னும் பழகல. நாளைக்குக் காலியான ரோட்டுக்குக் கொண்டுபோயி, வேகமா ஓட்டி, அழுத்தி மிதிச்சு மிதிச்சுப் பழக்கணும். மிச்சத் துருவும் எரிஞ்சு போயிடும். யாரு ஓட்டறீங்க?"

"நான் ஓட்டறேன்" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை, கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த நீளமான ரோடு. ஓரத்தில் ஒரு டீக்கடையைத் தவிர ஈ காக்கை இல்லை. மனைவி ஸ்டீயரிங்கில், பக்கத்தில் லிஃப்ட்காரர், பின்னால் ஸ்பேனரும் சர்வமும்.

"சார் மோட்டார் பிடிக்கிறதைக் குறைச்சு வச்சிட்டாரு" என்றான் ஸ்பேனர். "இனிமே பிரேக்தான் கதி. வேகமா போங்கம்மா... இன்னும்... இன்னும்... மிதிங்க!"

பயந்து பயந்து மிதித்தாள். "கர்ர்ர்."

"இது மிதியா? எறும்பைக் கூட நசுக்காது! நல்லா மிதிங்க!"

அடுத்த முறை கொஞ்சம் பலமாக. அதற்கடுத்த முறை அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். 'ராத்திரி டூட்டி' என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு மிதி. சர்வத்தின் மூக்கு முன் சீட்டில் மோதியது. 'யோசனையாம் யோசனை' என்று இன்னொரு மிதி.

"அப்படித்தான்மா! விடாதீங்க!" ஸ்பேனர் பின்னாலிருந்து கத்தினான்.

"அக்கா, கொஞ்சம் பாத்து..."

"வாயை மூடிக்கிட்டு பெல்ட்டைப் போடுடா!"

கர்ர்ர் தேய்ந்து கர் ஆனது, கர் தேய்ந்து ம்ம் ஆனது. லிஃப்ட்காரருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "இன்னும் ஒண்ணு! இன்னும் ஒண்ணு!" என்று டேஷ்போர்டைத் தட்டினார். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு உற்சாகமாக இருந்து அவர் பார்த்ததில்லை.

அப்போதுதான் முன் சக்கரங்களிலிருந்து குபுகுபுவென்று புகை கிளம்பியது.

"தீ! தீ!" ஓரத்து டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வாளியோடு ஓடி வந்தார்கள்.

"ஐயோ, ஊத்தாதீங்க! அது உள்ளே ஊறுன எண்ணெய் எரியுது! சூட்டுல தண்ணி பட்டா தட்டு கோணிடும்!" ஸ்பேனர் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தான். சர்வமும் வீரமாகக் குறுக்கே விழுந்தான். இரண்டு வாளித் தண்ணீரும் அவன் தலையில். சக்கரத்தில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அவன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

புகை அடங்கியது. மீண்டும் ஓட்டி மிதித்தாள். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டார்கள்.

ஒரு சத்தமும் இல்லை.

"இதான்யா பிரேக்!" என்று லிஃப்ட்காரர் ஸ்பேனரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை. அதே மைதானம், அதே ஆய்வாளர். அவளை அடையாளம் தெரிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஏறினார். லிஃப்ட்காரரும் சர்வமும் வேலிக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வண்டி வளைந்தது, எட்டுப் போட்டது, பின்னால் வந்தது, மேட்டில் ஏறி இறங்கியது. நேர் ரோட்டுக்கு வந்தது. லிஃப்ட்காரரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

"ஸ்டாப்!" என்ற குரல் வேலி வரைக்கும் கேட்டது.

வண்டி நின்றது. எப்படி நின்றது! ஆய்வாளரின் பேனா வண்டியின் முன் கண்ணாடி வரைக்கும் போய் மோதித் திரும்பியது. அவர் மூக்குக்கண்ணாடி மடியில் கிடந்தது. கோடு, சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் அப்படியே இருந்தது.

ஆய்வாளர் கண்ணாடியைத் தடவி எடுத்து மாட்டிக்கொண்டார். "அம்மா... இது ஸ்டாப்!" என்றார். "பாஸ்."

அவள் இறங்கி ஓடி வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கமே நின்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "இனிமே ராத்திரி தூங்குவேங்க!"

"தூங்கு, நல்லா தூங்கு. நான் காவல் இருக்கேன்" என்றார். சர்வம் பக்கத்தில் நின்றவர்களையெல்லாம் பிடித்து, "எங்க அக்கா! எங்க அக்கா!" என்று குலுக்கினான்.

வீட்டுக்கு அவளே ஓட்டி வந்தாள். வழி நெடுகத் தேவையிருக்கிறதோ இல்லையோ, பிரேக்கை மிதித்து மிதித்து ரசித்தார்கள். சொட்டை விழுந்த மூக்கைக்கூட லிஃப்ட்காரர் பாசத்தோடு நினைத்துக்கொண்டார். எப்பேர்ப்பட்ட வண்டி! இதை ஜென்மத்துக்கும் விற்கக்கூடாது.

கேட்டில், விடுப்பு முடிந்து அன்றைக்குத்தான் திரும்பியிருந்த வாட்ச்மேன் சல்யூட் அடித்தார்.

"அம்மா பாஸாயிட்டாங்க!" என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூவினார் லிஃப்ட்காரர்.

"ரொம்ப சந்தோஷம் சார்!" என்றார் வாட்ச்மேன். பிறகு குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தார், மூக்கிலிருந்த சொட்டையைப் பார்த்தார், மெதுவாக நிமிர்ந்தார்.

"அது சரி சார், உங்க வண்டி வெள்ளிக்கிழமையிலேருந்து ஃபுல் சார்ஜோட கீழ சும்மா நிக்குது, நீங்க எதுக்கு செயலாளர் ஐயா வண்டியில சுத்திக்கிட்டிருக்கீங்க?"